கடலடியில் அதே கண்ணாடி

வெளிநாட்டில் இருக்கும் உறவினருடன் காணொளி அழைப்பில் பேசும்போது, நம் குரலும் முகமும் விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் வழியாகச் செல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை பெரும்பாலும் கடலுக்கு அடியில்தான் பயணம் செய்கின்றன. சிங்கப்பூரின் துவாஸிலும் மலேசியாவின் மலாக்காவிலும் கரையேறும் சீ-மீ-வீ 4 என்னும் கம்பிவடம் அத்தகைய பாதைகளுள் ஒன்று. சென்னை, கொழும்பு, மும்பை, கராச்சி, எகிப்து எனப் பல கரைகளைத் தொட்டு, அது பிரான்சு நாட்டின் மார்சேய் நகரை அடைகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர். இவ்வளவு நீண்ட கம்பிவடத்தின் தடிமனோ, ஆழ்கடல் பகுதியில், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் அளவுதான்.

2005ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்தக் கம்பிவடம் செயல்படத் தொடங்கியபோது, அதனால் நொடிக்கு 1.28 டெராபிட் தகவலைக் கொண்டுசெல்ல முடிந்தது. 2015ஆம் ஆண்டில் அந்த அளவு 4.6 டெராபிட்டாக உயர்ந்தது. அதாவது, ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதற்காக எந்தக் கப்பலும் கடலுக்குச் சென்று புதிய இழைகளைப் போடவில்லை. பழுதுபார்க்கச் சென்ற கப்பல்கள் உண்டு; அது வேறு கதை. கடலடியில் கிடந்தது அதே கண்ணாடி. மாறியவை கரையோர நிலையங்களில் இருந்த கருவிகள் மட்டுமே. ஒளியின்மீது தகவலை ஏற்றும் முறையை அக்கருவிகள் மாற்றின. அம்முறைக்குப் பண்பேற்றம் என்று பெயர்.

பண்பேற்றத்தைப் புரிந்துகொள்ள ஒரு கைவிளக்கு போதும். எதிரெதிர் அடுக்குமாடிகளில் வாழும் இரண்டு நண்பர்கள், இரவில் கைவிளக்கின் மூலம் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரிந்தால் 1, அணைந்தால் 0. கணினி அறிந்த எழுத்துகள் இவ்விரண்டுமே. இவற்றை அடுக்கினால் சொல்லும் படமும் பாட்டும் உருவாகிவிடும். ஒரு 1 அல்லது ஒரு 0 என்பதே ஒரு பிட்.

கம்பிவடங்களும் நெடுங்காலம் இதைத்தான் செய்தன. கைவிளக்குக்குப் பதிலாக லேசர்; நொடிக்கு இரண்டு மூன்று முறைக்குப் பதிலாக 10 பில்லியன் முறை. ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. எனவே ஓர் ஒளிக்கதிர் நொடிக்கு 10 கிகாபிட் தகவலைச் சுமந்தது. சீ-மீ-வீ 4 கம்பிவடத்தில் இரண்டு இணை இழைகள் உள்ளன. ஓர் இணையில் ஓர் இழை போவதற்கு, மற்றது வருவதற்கு. ஓர் இழைக்குள் 64 லேசர் கதிர்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு அலைநீளத்தில், ஒன்றோடொன்று கலந்துவிடாமல் சென்றன. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியானாலும் அவற்றை 64 வண்ணங்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். இரண்டையும் அறுபத்து நான்கையும் பத்தையும் பெருக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் சொன்ன 1.28 டெராபிட் கிடைக்கும்.

லேசரையே நொடிக்குப் பல கோடி முறை ஏற்றி அணைத்தால், ஒவ்வொரு முறையும் அதன் அலைநீளம் சற்று வழுவும். நெடுந்தொலைவுப் பயணத்துக்கு அது ஆகாது. ஆகவே லேசர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதன் முன்னால் லித்தியம் நையோபேட் என்னும் படிகத்தால் ஆன ஒரு சிறு கருவி இருக்கும். ஒளி அதனுள் நுழைந்ததும் இரண்டு கிளைகளாகப் பிரியும். படிகத்தின்மீது மின்னழுத்தம் கொடுத்தால், ஒளி அதைக் கடக்கும் வேகம் மாறும். இதனால் ஒரு கிளையில் செல்லும் ஒளி சற்றுப் பிந்தும். இரண்டும் மீண்டும் சேரும்போது, அலையின் முகடும் முகடும் ஒன்றுசேர்ந்தால் வெளிச்சம். முகடும் பள்ளமும் சேர்ந்தால் இருள். லுட்விக் செண்டர், லுட்விக் மாக் என்னும் இருவர் 1890களில் தனித்தனியே உருவாக்கிய ஓர் ஆய்வுக்கருவியின் தத்துவம் இது. இணையம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் பிறந்த அந்தக் கருவியின் வழித்தோன்றலே இன்று நம் காணொளிகளை ஒளியில் எழுதுகிறது.

தகவல் பெருகப் பெருக, இன்னும் வேகமாக விளக்கை இமைக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. ஒளியின் ஒவ்வோர் அலைநீளமும் கண்ணாடிக்குள் சற்றே வேறுபட்ட வேகத்தில் செல்லும். கூர்மையாகப் புறப்பட்ட ஒரு துடிப்பு, போகும் வழியில் அகன்று, பக்கத்துத் துடிப்பின்மீது படிந்துவிடும். வேகத்தை நான்கு மடங்காக்கினால், துடிப்புகளுக்கு இடையிலான நேரம் நான்கில் ஒன்றாகிறது. குறுகிய துடிப்பில் அடங்கும் அலைநீளங்களின் பரப்போ நான்கு மடங்காகிறது. ஆக, சிக்கல் நான்கு மடங்கு அன்று, பதினாறு மடங்கு. நொடிக்கு 40 கிகாபிட் வேகத்தில் விளக்கை இமைக்க முயன்றவர்கள் இந்தக் கணக்கில்தான் சிக்கிக்கொண்டார்கள்.

எனவே பொறியாளர்கள் கேள்வியை மாற்றினார்கள். நொடிக்கு எத்தனை துடிப்புகள் அனுப்பலாம் என்பதை விட்டுவிட்டு, ஒரு துடிப்பில் எத்தனை பிட் அனுப்பலாம் என்று கேட்டார்கள்.

இதற்கு ஒளி அலையின் இன்னொரு பண்பு கைகொடுத்தது. விளையாட்டுத் திடலில் இரண்டு ஊஞ்சல்கள் ஒரே வேகத்தில், ஒரே உயரத்துக்கு ஆடுகின்றன. ஆனால், ஒன்று முன்னால் போகும்போது மற்றது பின்னால் வருகிறது. உயரமும் வேகமும் ஒன்றாக இருந்தும் அவை ஆட்டத்தின் வெவ்வேறு நிலையில் இருக்கின்றன. அலைக்கும் இத்தகைய நிலை உண்டு. அதைக் கட்டம் என்கிறோம். அலையை முழுச் சுற்றில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு எனத் தள்ளித் தொடங்கினால், நான்கு வெவ்வேறு கட்டங்கள் கிடைக்கும். அவற்றுக்கு 00, 01, 11, 10 என்று பெயர் வைத்துவிட்டால், ஒரே துடிப்பு இரண்டு பிட்களைச் சுமக்கும். விளக்கு அணையவே வேண்டியதில்லை.

அனுப்புவது எளிது, படிப்பதுதான் கடினம். ஒளியை மின்சாரமாக மாற்றும் உணர்கருவிக்கு வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும், கட்டம் தெரியாது. பாடகர் சுருதியோடு சேர்கிறாரா, விலகுகிறாரா என்பதை அறிய, பக்கத்தில் சுருதிப் பெட்டி ஒலிக்க வேண்டும் அல்லவா? அதைப்போல, பெறும் நிலையத்தில் இன்னொரு லேசரை எரியவிட்டு, கடல் கடந்து வந்த ஒளியை அதனோடு கலக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் ஏற்றத்தாழ்விலிருந்து கட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். இந்த எண்ணம் 1980களிலேயே ஆராயப்பட்டது. ஆனால், 1987இல் எர்பியம் என்னும் தனிமம் கலந்த கண்ணாடி இழையால் ஒளியை நேரடியாகப் பெருக்கும் வழி கண்டறியப்பட்டதும், இவ்வளவு தொல்லை எதற்கு என்று பலரும் இதைக் கைவிட்டார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, நொடிக்குப் பல பில்லியன் முறை அளவெடுத்துக் கணக்கிடும் சில்லுகள் வந்த பிறகே இது மீண்டும் உயிர்பெற்றது. 2008ஆம் ஆண்டு வாக்கில் இம்முறையில் இயங்கும் 40 கிகாபிட் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 100 கிகாபிட் கருவிகள் வருவதற்கு அதன்பின் வெகுகாலம் ஆகவில்லை.

அந்தச் சில்லுகள் செய்த பணியை நான் இங்கே சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்டத்தையும் வெளிச்சத்தையும் முழுமையாக அளந்துவிட்டால், வழியில் ஒளிக்கு நேர்ந்த பெரும்பாலான சிதைவுகளைக் கணக்குப் போட்டே திருப்பிச் சரிசெய்துவிடலாம். துடிப்பு அகன்றுபோகும் பழைய சிக்கல் கடலடியில் தீரவில்லை. கரையில், கணிதத்தில் தீர்ந்தது.

இன்னொரு வழியும் திறந்தது. ஒரு கயிற்றின் முனையைச் சுவரில் கட்டி, மறுமுனையை மேலும் கீழும் ஆட்டலாம். இடம் வலமாகவும் ஆட்டலாம். ஒளி அலைக்கும் இவ்வாறு இரண்டு திசைகளில் அதிரும் இயல்பு உண்டு. இதற்கு முனைவாக்கம் என்று பெயர். ஒரே இழையில், ஒரே வண்ணத்தில், இரண்டு திசைகளுக்கும் தனித்தனிச் செய்தி அனுப்பலாம். நெடும்பயணத்தில் இரண்டும் திருகிக் கலந்தாலும் சில்லு அவற்றைப் பிரித்துவிடும். நான்கு கட்டங்கள் தரும் இரண்டு பிட், இரண்டு திசைகளால் நான்கு பிட்டாகிறது. நொடிக்குச் சுமார் 30 பில்லியன் துடிப்புகள் அனுப்பினால் 120 கிகாபிட். அதில் பிழைதிருத்தத்துக்கான பிட்கள் போக, 100 கிகாபிட் தகவல் மிஞ்சும்.

இந்த முன்னேற்றத்தை ஓர் எண்ணால் அளக்கலாம். சாலையின் அகலத்தைப்போல, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒதுக்கப்படும் அதிர்வெண் பாதைக்கும் ஓர் அகலம் உண்டு. பல கம்பிவடங்களில் அது 50 கிகாஹெர்ட்ஸ். அந்தப் பாதையில் 10 கிகாபிட் சென்றால், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு நொடிக்கு 0.2 பிட். அதே பாதையில் 100 கிகாபிட் சென்றால் 2 பிட். சாலையை அகலப்படுத்தாமலே போக்குவரத்து பத்து மடங்காகிவிட்டது.

அப்படியானால் சீ-மீ-வீ 4 பத்து மடங்கு வளராமல் மூன்றரை மடங்கோடு நின்றது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். இத்தகைய பழைய கம்பிவடங்கள் விளக்கை இமைக்கும் முறைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பழைய வண்ணங்களின் துடிப்புகள் பக்கத்தில் செல்லும் புதிய வண்ணங்களின் கட்டத்தைக் குலைக்கும். அதனால் இடையில் வெற்றிடம் விட வேண்டும். துடிப்பு அகலாமல் இருக்க அன்று செய்த இழை அமைப்பும் புதிய முறைக்கு அவ்வளவாக ஒத்துவராது.

இனி, நான்கு கட்டங்களோடு ஏன் நிற்க வேண்டும்? கட்டத்தோடு வெளிச்சத்தின் அளவையும் மாற்றினால் இன்னும் பல நிலைகள் கிடைக்குமே! இதைக் கற்பனை செய்ய, வாசலில் வைக்கும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலின் நடுவிலிருந்து ஒரு புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்பது அலையின் கட்டம். எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது வெளிச்சத்தின் அளவு. முன்பு சொன்ன முறையில் நடுவைச் சுற்றி நான்கு புள்ளிகளே இருந்தன. வரிசைக்கு 4 என்று 4 வரிசை வைத்தால் 16 புள்ளிகள். அவற்றுள் ஒன்றைச் சுட்டினால் நான்கு பிட். வரிசைக்கு 8 என்று 8 வரிசை வைத்தால் 64 புள்ளிகள், ஆறு பிட். வானொலித் தொடர்பில் இது பழைய வழக்கம். ஒளியில்தான் புதிது.

இந்தக் கோலத்தின்மீது தூறல் விழுந்தால் என்ன ஆகும்? மாவு சற்றுக் கரைந்து, புள்ளி இருந்த இடம் மங்கும். நான்கு புள்ளிகள் தள்ளித் தள்ளி இருந்தால், எது எந்தப் புள்ளி என்று இன்னும் சொல்லிவிடலாம். அதே வாசலில் 64 புள்ளிகள் நெருங்கி இருந்தால், பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கம்பிவடத்தில் இந்தத் தூறல் பெருக்கிகளிலிருந்து வருகிறது. கண்ணாடி எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும், 50 கிலோமீட்டர் சென்றதும் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 100 கிலோமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆகவே 50 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு பெருக்கி வேண்டும். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே நேராகச் செல்லும் ஒரு கம்பிவடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். 60 கிலோமீட்டருக்கு ஒன்று என்று கொண்டால், வழியில் 50க்கும் மேற்பட்ட பெருக்கிகள். ஒவ்வொன்றும் செய்தியைப் பெருக்கும்போது, தன் பங்குக்குக் கொஞ்சம் பொருளற்ற ஒளியையும் சேர்த்துவிடுகிறது. அதுவே இரைச்சல்.

வாசலின் அளவு மாறாமல் 4 புள்ளிகளை 16ஆக்கினால், சுமக்கும் பிட்கள் இரண்டு மடங்காகும். ஆனால், அதே பிழையின்மையைக் காக்க, இரைச்சல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். 64 புள்ளிகள் என்றால், பிட்கள் மூன்று மடங்கு. இரைச்சல் ஏறத்தாழ இருபத்தொன்றில் ஒரு பங்கு. வரவு இரண்டு, மூன்று என்று ஏறும்போது செலவு ஐந்து, இருபத்தொன்று என்று ஏறுகிறது. பெருக்கிகள் கூடக் கூட இரைச்சலும் கூடுவதால், நெருக்கமான கோலம் நெடுந்தொலைவு தாங்காது. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான சில பத்துக் கிலோமீட்டருக்கு 64 புள்ளிகள் பொருந்தலாம். பெருங்கடலைக் கடக்கும்போது 4 புள்ளிகளோடு அடங்கிப்போக வேண்டிவரும். எனவே பண்பேற்ற முறைகளில் எது சிறந்தது என்ற கேள்விக்குத் தொலைவைச் சொல்லாமல் விடை கூற இயலாது.

வாசலையே பெரிதாக்கினால் என்ன? அதாவது, ஒளியின் திறனைக் கூட்டிவிட்டால் புள்ளிகள் விலகி நிற்குமே! ஓரளவுக்கு அது உதவும். அதற்கு மேல் கண்ணாடியே எதிர்க்கத் தொடங்கும். ஒளி வலுவானால், கண்ணாடி அதை வளைக்கும் தன்மை மாறுகிறது. அந்த மாற்றம் ஒளியின் கட்டத்தைக் குலைக்கிறது. பொருள்களின் இத்தகைய இயல்பை ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜான் கெர் 1875இல் கண்டறிந்தார். ஒளியின் திறனைக் குறைத்தால் இரைச்சல் மூழ்கடிக்கும். கூட்டினால் கண்ணாடி குலைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடம்தான் பொறியாளருக்குக் கிடைக்கிறது.

கண்ணாடியின் இந்தக் குறும்பு ஒருபுறம் இருக்க, எல்லாத் தொடர்புக்கும் பொதுவான ஒரு வரம்பும் உண்டு. அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948ஆம் ஆண்டு அதை நிறுவினார். செய்தியின் திறன் இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு என்பதே அந்த வரம்பைத் தீர்மானிக்கிறது. இரைச்சல் மிகக் குறைவாக உள்ள பாதையில் அந்த மடங்கை இரட்டிப்பாக்கினாலும், ஒரு ஹெர்ட்ஸுக்குக் கூடுதலாக ஒரே ஒரு பிட்தான் கிடைக்கும். எத்தனை கூர்மையான கருவி செய்தாலும் இதைத் தாண்ட முடியாது, நெருங்கலாம்.

நெருங்குவதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடிக்கப்பட்டது. கோலத்தின் ஓரத்தில் உள்ள புள்ளிகளுக்கு அதிகத் திறன் செலவாகிறது. நடுவில் உள்ளவற்றுக்குக் குறைவு. எல்லாப் புள்ளிகளையும் சம அளவில் பயன்படுத்தாமல், நடுப்புள்ளிகளை அடிக்கடியும் ஓரப்புள்ளிகளை அரிதாகவும் வருமாறு செய்தியை அமைத்தால், அதே திறனில் புள்ளிகளை விலக்கி வைக்கலாம். தொலைவு கூடினால் ஓரப்புள்ளிகளை இன்னும் அரிதாக்கலாம். குறைந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 4, 16, 64 என்று தாவித் தாவிச் செல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பிவடத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பண்பேற்றத்தை அமைத்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டு நியூயார்க்குக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பிவடத்தில் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. 64 புள்ளிக் கோலத்தை இவ்வாறு பயன்படுத்தியபோது, ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 7.46 பிட் சென்றது. பழைய 0.2 பிட்டோடு ஒப்பிட்டால் 37 மடங்கு.

ஷானனின் எல்லை அருகில் வந்துவிட்டதால், புதிய கம்பிவடங்களை அமைப்பவர்கள் இப்போது வேறு திசையில் சிந்திக்கிறார்கள். கடலடியில் மின்நிலையம் இல்லை. பெருக்கிகளுக்கான மின்சாரம் முழுவதும் கரையிலிருந்துதான் செல்ல வேண்டும். அதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த மின்சாரத்தைச் சில இழைகளுக்கு மட்டும் கொடுத்து, ஒவ்வொன்றையும் உச்சத்துக்கு ஓட்டுவது ஒரு வழி. பல இழைகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் சற்று அடக்கி ஓட்டுவது இன்னொரு வழி. ஷானனின் கணக்குப்படி, ஓர் இழையின் திறன் பாதியானால் ஒரு ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ ஒரு பிட் குறையும்; ஆனால் இழைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிடும். இரண்டாவது வழியே இலாபம். சிங்கப்பூருக்கும் மார்சேய்க்கும் இடையே சீ-மீ-வீ 4 கம்பிவடத்துக்குப் பிந்தைய தலைமுறையாகத் திட்டமிடப்பட்ட சீ-மீ-வீ 6 கம்பிவடத்துக்கு 10 இணை இழைகள் வகுக்கப்பட்டன. மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 100 டெராபிட்டுக்கும் மேல்.